கேக்குத் திருடியும் பூட்டிய ஃப்ரிட்ஜும்

“நிமிஷத்துக்கு ஒரு தடவ திறந்து மூடினா அது எப்படிம்மா ஓயும்? உங்கப்பன் வீட்டு அலமாரியா இது?”

“நான் எங்க அத்தை திறந்தேன்? சாவி உங்க பொண்ணுகிட்டல்ல இருக்கு!”

“பாலுக்கு, தண்ணிக்குன்னு சாவிய வாங்கி வாங்கித் திறக்கறீங்களே அண்ணி! முதல்ல உங்க வாய மூடுங்க, அப்புறம் ஃப்ரிட்ஜ மூடலாம்.”

எதிர் வீட்டுச் சமையலறைச் சண்டை என் அடுப்படிவரை தெளிவாகக் கேட்கும். கேட்காவிட்டால் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துகொள்வேன்.

விஷயம் இதுதான். மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த கேக்கில் ஒரு துண்டை மருமகள் தின்றுவிட்டாள். அதற்காக மாமியார் ஆளை வைத்து ஃப்ரிட்ஜ் கதவின் மேல் ஓரத்தில் கொண்டி அடித்து, பூட்டுத் தொங்கவிட்டாள். ‘கேக்குத் திருடி’ என்று நாத்தனார் வைத்த பட்டப்பெயர் தெருக்கோடிவரை போய்ச் சேர்ந்தது.

பூட்டு வந்த பிறகு ஃப்ரிட்ஜுக்கு ஓய்வே இல்லை. ராப்பகலாக உறுமியது. உள்ளே பஞ்சுப் பொதி போல ஐஸ் அடைத்துக்கொண்டது. மெக்கானிக்கை வரச் சொன்னார்கள். வெளியாள் பார்த்தால் என்ன நினைப்பான் என்று, அவர் வருமுன் மாமியார் பூட்டைக் கழற்றித் துணிக்கூடைக்குள் ஒளித்துவிட்டாள். கதவு கச்சிதமாக ஒட்டியது. கொண்டியைப் பார்த்தவர் ஏதோ அலங்காரம் என்று நினைத்திருப்பார், பாவம். “ஒரு கோளாறும் இல்லம்மா. கதவ அடிக்கடி திறக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியாருக்கு மைக் கையில் கிடைத்த மாதிரி ஆயிற்று.

மருமகள் மக்கு இல்லை. பூட்டு மறுபடி தொங்கியதும், கதவின் கீழ் மூலையில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிப் பார்த்தாள். பிடிப்பே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தது. மேலே கொண்டி இறுக்கி இழுத்ததில் கதவு கோணி, கீழே ரப்பர் ஒட்டவில்லை. அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று புகப் புக, அதிலுள்ள ஈரம் ஐஸாகிறது; குளிர் போதாமல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதை என்னிடம் மட்டும் கிசுகிசுத்தாள்.

“போய்ச் சொல்லேன்டி, உன் பேர் சுத்தமாகுமே.”

“இப்ப சொன்னா வீட்டுக்குள்ளயே அமுக்கிடுவாங்க அக்கா. திருடின்னு தெருவுக்கே சொன்னாங்கல்ல? நாலு பேர் வரட்டும்.”

வந்தார்கள். நாத்தனாருக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார். நாற்காலி இரவல் கொடுக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். நாத்தனார் பூட்டைத் திறந்துவிட, மாமியார் ஐஸ்கிரீம் எடுக்கப் பார்த்தாள். ஃப்ரீசர் மூடி உறைந்து இறுகிக் கிடந்தது. இழுத்தாள், கரண்டியால் தட்டினாள், “எல்லாம் இவ திறந்து திறந்து வந்த வினை!” என்று கத்தினாள். சத்தம் கேட்டு மாப்பிள்ளையின் அம்மாவே சமையலறைக்குள் வந்துவிட்டாள்.

மருமகள் குரலில் தேன் ஒழுகியது. “நான் இல்ல அத்தை. எனக்காக நீங்க போட்ட பூட்டுதான்.” கதவைப் பூட்டி, காகிதத்தைச் செருகி, உருவிக் காட்டினாள். “ஒரு துண்டு கேக் தின்னேன்னு பூட்டினாங்கம்மா.”

நாத்தனார் சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பூட்டை ஆராய்ந்தாள். “கொண்டிய நடுவுல அடிச்சிருக்கணும்” என்றாள். “மத்தபடி நல்ல யோசனை. மருமக வர்ற வீட்டுக்கு அவசியம் வேணும். எங்க வாங்கினீங்க?”

நாத்தனார் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். மருமகள்தான் முந்திக்கொண்டு, பூட்டுக்கடைக்கு வழி சொன்னாள். எந்த முனையில் திரும்புவது என்பதைக்கூட விடவில்லை.

அந்த வீட்டுக்குத்தான் நாத்தனார் வாழ்க்கைப்பட்டுப் போனாள். குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றாலும் அங்கே மாமியாரிடம் கேட்டு நிற்க வேண்டுமாம். எதிர் வீட்டு மகனும் மருமகளும் ஊரின் மறுகோடிக்குத் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். விலாசம் எனக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாது. நேற்றும் என் வாசலில் வந்து கேட்டாள். சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.