மூன்றாவது விதி

புரோகிராமரின் நாத்தனாருக்குத் தெருவில் வைத்த பெயர் ரேடியோ. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை அவளுடையது. அங்கே ஒருவருக்குப் பல் பிடுங்கினால், ஈறு மரமரப்பு தெளிவதற்குள் அடுத்த தெருவில் துக்கம் விசாரிப்பார்கள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த டாக்டரம்மா, “சிகிச்சைக் குறிப்புகளைக் கம்ப்யூட்டர்ல பூட்டிடுங்க. அதுக்கப்புறமும் இவ உள்ள நுழைஞ்சா, பின்னாடி ஸ்டோர் ரூம்தான்” என்று சொல்லிவிட்டார். பேச்சே மூச்சாக இருப்பவளைப் பஞ்சு மூட்டைகளோடு அடைத்தால் என்ன ஆவாள்?

பூட்டும் வேலை அண்ணியான புரோகிராமரின் தலையில் விழுந்தது. அவள் மூன்று விதிகள் எழுதினாள். டாக்டர் எல்லாப் பக்கத்தையும் பார்க்கலாம். ஊழியர்களும் பார்க்கலாம். வரவேற்பு மேஜைக்கு மட்டும் சிகிச்சைப் பக்கம் கிடையாது. எழுதிவிட்டு நிம்மதியாக டீ போட்டாள்.

டீ ஆறுவதற்குள் போன் வந்தது.

“அண்ணி, உங்க பூட்டு ரொம்ப மரியாதை தெரிஞ்சது. தட்டினதும் வாங்க வாங்கன்னு திறந்துடுச்சு.”

“ஏன்டி தட்டினே?”

“பூட்டியிருக்கான்னு இழுத்துப் பாக்க வேணாமா? டாக்டரம்மா வர்ற நேரம். என் சீட்டு போச்சு!”

அண்ணி டீயை அப்படியே வைத்தாள். விதிகளை மறுபடி படித்தாள். கம்ப்யூட்டர் மேலிருந்து படித்துக்கொண்டு வரும். முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். ரேடியோவும் ஊழியர்தானே! இரண்டாவது விதி அவளை வாசலிலேயே உள்ளே அனுப்பிவிட, மூன்றாவது கொல்லைப்புறத்தில் காவல் காத்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, அடித்துப் பிடித்து மருத்துவமனைக்கு ஓடினாள்.

டாக்டரம்மா அதற்குள் வந்துவிட்டார். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்ற பதிவு அவர் எதிரே திரையில் இருந்தது. அந்த வசதியைச் செய்து கொடுத்ததும் அண்ணிதான்.

“தப்பு என்னோடது டாக்டர். விதிகளோட வரிசையை மாத்திப் போட்டுட்டேன். திறக்குதுன்னு சொன்னதே இவதான்.”

ரேடியோவை மறுபடி திறக்கச் சொன்னார் டாக்டரம்மா. ‘அனுமதி இல்லை’ என்றது திரை.

“சரி, முன்னாடி படிச்சதை யார்கிட்ட சொன்னே?”

“யார்கிட்டயும் இல்ல டாக்டரம்மா.”

“நீயா? அண்ணிகிட்ட கூடவா?”

“ஐயோ, அவங்க காதுல விழவே கூடாது!”

டாக்டரம்மா பதிவில் இருந்த நோயாளியின் பெயரைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார். “போ, போய் உன் சீட்டுல உக்காரு.”

அன்று ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது அண்ணி கணவனையே உற்றுப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பக்கமாகவே மெல்லுகிற மனுஷன்.

“கொஞ்சம் வாயைத் திறங்க, பாப்போம்.”

அவன் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அவன் உதடு பிரியாமல் சொன்னான்: “அதுக்கெல்லாம் அனுமதி இல்ல.”