பெண்கள் அழைக்கும் நேரம்

ஏரிக்கரை நடனக் கூடத்தில் பெண்கள் அழைக்கும் நேரம் தொடங்கியதும் பழைய ஆம்ப்ளிஃபயர் அணைந்துவிடும். மூன்று சனிக்கிழமைகளாக இதே கூத்து. அந்த ஒரு மணி நேரம் பெண்கள்தான் ஆண்களை ஆட அழைப்பார்கள். அழைத்தால் மறுக்கக் கூடாது.

ஹில்க்கா, பேருந்து ஓட்டுநர் ரெய்யோவை அழைக்கக் காத்திருந்தாள். திங்களன்று அவனுக்கு வடக்கே மாற்றல். இந்தச் சனிக்கிழமையை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

"நீயெல்லாம் ஒரு மெக்கானிக்காடா?" தம்பி ஆர்வோவைப் பிடித்துக்கொண்டாள்.

"பட்டறையில நாள் முழுக்கப் பாடுதுக்கா. என்ன பண்ணச் சொல்ற?"

அதுவும் உண்மை. பட்டறையில் மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்வான். ஏரிக்காற்று உள்ளே வரும். கூடத்திலோ பெண்கள் நேரம் வருவதற்குள் அது மேடைக்கடியில் ஒரு மரப்பெட்டிக்குள் வெந்துவிடும். சூடு ஏறாமல் கோளாறு வெளியே வராது.

யோசித்தான். தோட்டத்தில் இருந்த சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் விறகை மூட்டினான். மூடியை மாட்டி, ஆம்ப்ளிஃபயரைக் கீழ்ப்பலகையில் உட்காரவைத்தான். பக்கத்தில் தானும் துண்டோடு உட்கார்ந்தான்.

"தண்ணி கிண்ணி ஊத்திடாதடா!" வெளியிலிருந்து கத்தினாள் ஹில்க்கா.

"முதுகு மட்டும் தேய்ச்சு விடுறேன்!"

டாங்கோ நடனப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஆர்வோவின் மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது. திடீரென்று பாட்டு நின்றது.

"செத்துடுச்சுக்கா!" என்று சந்தோஷமாகக் கூவினான்.

மூடியைத் திறந்து, குளிரூட்டும் ஸ்பிரேயை மின்சாரம் வழங்கும் பகுதியில் ஒவ்வொரு பாகமாக அடித்தான். ஒரு டிரான்சிஸ்டரின் காலடியில் பட்டதும் பாட்டு மீண்டும் கிளம்பியது. அங்கே ஈயப் பற்றில் மயிரிழை விரிசல். சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்து, பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தான். மறுபடி ஒரு மணி நேரம் சவுனாவில் வைத்தான். பாட்டு நிற்கவில்லை.

சனிக்கிழமை பெண்கள் நேரம் வந்தது. பாட்டு ஓடியது. ஹில்க்கா கூடத்தை நேராகக் கடந்துபோய் ரெய்யோவின் முன் கை நீட்டினாள்.

அவன் முகம் வெளுத்தது.

"எனக்கு ஆடத் தெரியாதுங்க. போன மூணு வாரமும் பாட்டு நின்னப்புறம்தான் உயிரே வந்துச்சு."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் வர்றீங்க?"

ரெய்யோ தன் காலணியைப் பார்த்தான்.

"நீங்க கூப்பிடுவீங்களோன்னு."

"கூப்பிட்டாச்சு. என் காலை மிதிங்க, பரவாயில்ல. வாங்க."

மிதித்தான். அவள் சிரித்துக்கொண்டே இழுத்துப் போனாள்.