கொடி போர்த்த வந்தவர்கள்

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி நெகிழ்ந்துவிட்டிருந்தது. வத்சலா குனிந்து அதை இறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த தீபக்கின் முகம் மாறியது.

"வந்துட்டா, அம்மா. கொடியோட வந்திருக்கா."

யார் என்று அவள் கேட்கவில்லை. ஸ்வஜன் கட்சிக்காரர்களைத் தவிர வேறு யார் அந்த வீட்டுக்குக் கொடியோடு வரப்போகிறார்கள்?

வத்சலாவின் கணவர் சேஷாத்ரி விடிகாலையில் போய்விட்டார். காபியை எடுத்துக்கொண்டு வந்து கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். தீபக் பெங்களூரிலிருந்து கிடைத்த விமானத்தில் ஏறி மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தான்.

வங்கத்தின் காரியங்களை வங்கத்து மனிதர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கிளம்பிய கட்சி அது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சேஷாத்ரி அதில் சேர்ந்தார். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்து, இந்த ஊரிலேயே படித்து வேலை பார்த்தவர். வீட்டுக்கு வெளியே தமிழ் பேச அவருக்குச் சந்தர்ப்பம் அதிகம் வாய்த்ததில்லை. டெல்லியில் இருக்கிறவனுக்கு நம் தெருச் சாக்கடை எப்படித் தெரியும் என்பது அவர் வாதம். மாநகராட்சித் தேர்தலில் அவரையே வார்டுக்கு நிறுத்தினார்கள். ஜெயித்தார். ரயில் பாதையை ஒட்டிய பள்ளத் தெருக்களில் மழைத் தண்ணீர் வடியவே வடியாது. அங்கே ஒரு பம்ப் ஹவுஸ் வேண்டுமென்று மாநகராட்சிக்கு நடையாய் நடந்தார். அது வந்த பிறகு, அந்தத் தெருப் பெண்கள் வத்சலாவை மார்க்கெட்டில் பார்த்தால் பையை வாங்கிக்கொண்டு ரிக்‌ஷா வரைக்கும் கூட வருவார்கள்.

அடுத்த தேர்தலில் சீட்டு ரஞ்சனுக்குப் போயிற்று. இனி நிற்கிறவர்களுக்கு வங்காளம் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று கட்சியில் பேச்சு எழுந்திருந்தது எல்லோருக்கும் தெரியும். கூட்டம் முடிந்து வந்த சேஷாத்ரி கைகால் அலம்பிக்கொண்டு, இந்தத் தடவை ரஞ்சன் நிற்கிறான் என்று மட்டும் சொன்னார். அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வார்டு முழுக்கச் சுற்றியவன் ரஞ்சன். சித்தப்பா, சித்தி முறையில் காகு, காகிமா என்று கூப்பிட்டு, வத்சலா கையால் எத்தனையோ நாள் சாம்பார் சாதம் சாப்பிட்டவன். அதற்கப்புறம் அவள் அவனை வா என்று கூப்பிட்டதில்லை.

அதைவிட அவளால் தாங்க முடியாதது, சேஷாத்ரி மறுநாளும் குளித்துவிட்டு அதே கட்சி ஆபீசுக்குப் போனதுதான். பென்ஷன் வராதவர்கள், குழாயில் தண்ணீர் வராதவர்கள் எல்லோரும் அங்கே அவரைத்தான் தேடி வந்தார்கள். மனு எழுதிக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்புவார்.

"ஏன்னா, வேண்டாம்னவா எடத்துக்கே தினம் போறேளே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"கதவைச் சாத்திக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

இப்போது ரஞ்சன் வாசற்படிக்கு வெளியே நின்றான். மடித்த கொடியை இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தான். காகுவைக் கட்சி ஆபீஸில் சற்று நேரம் வைக்க வேண்டும், ஜனங்கள் காத்திருக்கிறார்கள் என்று வங்காளத்தில் சொன்னான்.

தீபக் குறுக்கே போய் நின்றான். தமிழைவிட அவனுக்கு அந்த மொழிதான் சரளம். உயிரோடு இருந்தவரை அவர் உங்கள் மனிதர் இல்லை, தேர்தல் வரும்போது போட்டோவுக்கு மட்டும் வேண்டுமா என்று கேட்டான். அவன் குரல் தெருவரை கேட்டது.

ரஞ்சன் அவனைத் தாண்டி வத்சலாவைப் பார்த்தான். "காகிமா, நீங்க வேண்டாம்னா கொடியை எடுத்துட்டுப் போயிடறேன்" என்றான்.

வத்சலா எழுந்து கதவருகே வந்தாள். இத்தனை வருஷமாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததை அவனுடைய மொழியிலேயே கேட்டாள்.

"அவர் எடத்தை நீ எதுக்குக் கேட்டே?"

"நான் கேக்கல, காகிமா. காகுதான் எழுந்து என் பேரைச் சொன்னார்." அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "உங்ககிட்ட சொல்லலியா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள். அன்றையக் கூட்டத்தில் நடந்ததை ரஞ்சன் மெதுவாகச் சொன்னான். தலைமையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். எதற்கு வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் காகுவின் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. டீ வந்தது, வேறு வேறு பேச்சு நடந்தது. கடைசியில் காகுவே எழுந்தார். தனக்கு வயதாகிவிட்டது, ரஞ்சன் செய்வான் என்றார்.

"யாராவது அவரை உக்காரச் சொன்னேளா?"

ரஞ்சன் கையிலிருந்த கொடியைப் பார்த்தான்.

"இல்லை, காகிமா. கை தட்டினோம்."

"நீயுமா?"

"நானும்தான்."

வத்சலா திரும்பிச் சேஷாத்ரியைப் பார்த்தாள். நெற்றியில் இட்டிருந்த சந்தனம் காய்ந்து வெளுத்திருந்தது. அந்தக் கூட்டம் முடிந்து வந்த அன்றைக்கும் ரசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"கொடி வேண்டாம்" என்றாள்.

ரஞ்சன் அதைப் பின்னால் நின்றவனிடம் கொடுத்தான். படியிறங்கத் திரும்பினான்.

நேரமாகிவிட்டது என்று, காரியம் செய்துவைக்க வந்திருந்த வாத்தியார் குரல் கொடுத்தார். தீபக் தீச்சட்டியை எடுத்துக்கொண்டான். சந்துக்குள் வண்டி வராது, தெருமுனை வரை தூக்கிப் போக வேண்டும். டாலிகஞ்சிலிருந்து வந்த உறவுப் பையன்கள் மூன்று பேர் பாடையைத் தூக்கக் குனிந்தார்கள். நாலாவது மூலைக்குச் சேஷாத்ரியின் ஒன்றுவிட்ட தம்பி முத்துகிருஷ்ணன் வந்தார். முழங்கால் மடங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரஞ்சன்" என்று வத்சலா கூப்பிட்டாள். "போகாதே. இந்தப் பக்கம் ஆள் இல்லை."

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தீபக் அம்மாவைப் பார்த்தான். அவள் யாரையும் பார்க்கவில்லை. ரஞ்சன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். முத்துகிருஷ்ணன் ஒதுங்கி இடம் விட்டார்.

தெருவில் நின்ற கட்சிக்காரர்களில் ஒருவன் கோஷம் போடப் போனான். பக்கத்திலிருந்தவன் அவன் கையைப் பிடித்து அழுத்தினான். ஊர்வலம் சத்தமில்லாமல் முனை திரும்பியது.

வீட்டுக்குள் பெண்கள் வாளி வாளியாகக் கொட்டித் தரையைக் கழுவத் தொடங்கினார்கள். தண்ணீர் கூடத்தைத் தாண்டி வாசலுக்கு வழிந்தது. வத்சலா குனிந்து, வாசலில் கிடந்த ரஞ்சனின் செருப்புகளை எடுத்துச் சுவரோரமாக, ஈரம் வராத இடத்தில், ஜோடி சேர்த்து வைத்தாள்.