தங்கை தூங்கிய தூக்கம்

துணி ஆலையில் அச்சு வடிவங்கள் வரையும் பெண்ணுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை தூக்கம் அடியோடு நின்றுபோனது. அன்று முதல் அவளுடைய தங்கை இரண்டு பேருக்கும் சேர்த்துத் தூங்கினாள். தங்கைக்குத் தபால் நிலையத்தில் வேலை. முத்திரை குத்த ஓங்கிய கை ஓங்கியபடியே இருக்க, நின்றவாக்கில் குறட்டை விட்டாள். “இவளுக்குத் தந்தி அடிச்சாத்தான் எந்திரிப்பா” என்று கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள்.

அவளுக்கு வந்ததெல்லாம் அக்காவின் கனவுகள். நேராக ஒரு கோடு கிழிக்கத் தெரியாத அவள், எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் அவற்றைச் சொல்வாள்: செதிலுக்கொரு கதவு வைத்த மீன், வேர்களைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மரங்கள். அக்கா கேட்கக் கேட்க வரைந்தாள். அந்த ஆண்டு ஊரில் பாதி ஜன்னல்களில் அந்த மீன்தான் திரைச்சீலையாகத் தொங்கியது. முதலாளி பாராட்டினார். அக்காவின் கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருவளையத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

தூக்கம் நின்ற எட்டாம் மாதம், கனவில் வந்தவர்கள் பட்டப்பகலில் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். முதலில் தலை நனைந்த ஒரு பெண். பிறகு முகத்தைக் கையால் பொத்திய இரண்டு ஆண்கள். கூடத்து நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டார்கள். தங்கையும் அவர்களைப் பார்த்தாள். ஆனால் அவர்கள் பேசியது அக்காவுக்கு மட்டுமே கேட்டது. தங்களை வரையச் சொன்னார்களாம். அவள் சாப்பாட்டை மறந்து வரைந்தாள். தாள் தீர்ந்ததும் சுவரில், சுவர் தீர்ந்ததும் தன் கைகளில்.

ஒரு முற்பகலில் ஆலையின் சாயத் தொட்டி விளிம்பில் அவள் நின்றிருப்பதை மேஸ்திரி கண்டார். சத்தம் போடாமல் போய்க் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். தொட்டிக்குள்ளிருந்து அந்த ஈரத்தலைக்காரி கூப்பிட்டதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அரைமணி நேரம் கதவைத் தட்டிய பிறகே, வேலைக்கும் போகாமல் தூங்கிக்கிடந்த தங்கை விழித்தாள். விஷயத்தைக் கேட்டதும் அக்காவை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“நீ விழுந்திருந்தா? அப்பவும் நான் தூங்கிட்டுத்தானேக்கா இருந்திருப்பேன்! வா, டாக்டர்கிட்டப் போவோம்.”

“மாத்திரை போட்டா கனவு போயிடும்டி. அப்புறம் நான் எதை வரைவேன்?”

“கோடு போடு. கட்டம் போடு. நீ இருந்தாப் போதும்.”

மனநல மருத்துவர் இருவரையும் எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார், ஆச்சரியப்படவில்லை. “முதல்ல அவங்கவங்க தூக்கத்த அவங்கவங்க தூங்கணும்” என்று மருந்து எழுதினார். அக்கா பதினொரு நாள் தூங்கினாள். தங்கை கட்டிலருகே கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை மாதம் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தூங்கியதில் அவளிடம்தான் தூக்கம் மிச்சம் இருந்ததே.

அதன் பிறகு அக்கா கோடும் கட்டமும்தான் வரைந்தாள். பள்ளிச் சீருடைகளுக்கு அவை நன்றாகவே போயின. சில காலைகளில் பென்சிலைத் தாளுக்குச் சற்று மேலே பிடித்தபடி நெடுநேரம் இருப்பாள். பிறகு அளவுகோலை எடுப்பாள். வேளை தவறாமல் சாப்பிட்டாள்.

வந்தவர்கள் மட்டும் போகவில்லை. இப்போது அவர்களின் உதடு அசைவது தெரியும், அக்காவுக்கும் சத்தம் கேட்காது. உட்கார இடம் போதாமல் அக்கா தங்கை இருவரும் கடைக்குப் போய்ப் புதிதாக இரண்டு நாற்காலிகள் வாங்கிவந்தார்கள். “கொஞ்சம் காலத் தூக்குங்க, பெருக்கணும்” என்று தினமும் தங்கை துடைப்பத்தோடு வந்து நிற்பாள், அவர்களும் தூக்கிக்கொள்வார்கள்.