முழங்காலுக்குக் கீழே

2006 பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை. விடியற்காலை மூடுபனி எட்டு மணிக்கெல்லாம் விலகிவிட, வடமேற்கிலிருந்து இளங்காற்று வீசியது. துபாயின் மம்சார் கடற்கழியில் முழங்காலளவு நீரில் நின்றிருந்த உமாபதி, மூன்றாம் முறையாகக் குப்புறக் கவிழ்ந்த தம் மாதிரி விமானத்தைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் உலகப்போருக்கு முன்பு ஜப்பானியக் கடற்படைக்கென ஒன்றே ஒன்றாகச் செய்யப்பட்டு, பின்னர் கைவிடப்பட்ட மிதவை விமானத்தின் மாதிரி அது. வரைபடங்கள் எரிந்துபோயின, எஞ்சியது மங்கலான ஒரே ஒரு புகைப்படம். அல் கூஸ் தொழிற்பேட்டையில் குளிர்சாதனக் குழாய்களுக்குப் படம் வரையும் உமாபதி, அந்த ஒற்றைப் படத்திலிருந்தே ஒவ்வோர் அளவையும் நான்கு ஆண்டுகளாக மீட்டெடுத்திருந்தார். நீரைவிட்டு அது எழுந்தால் அவர் வரைந்தது மெய். எழாவிடில் அத்தனையும் வெறுங்கற்பனை.

"பறக்குற விமானம் பாத்திருக்கேன் சார், முங்குற விமானத்த இப்பத்தான் பாக்குறேன்" என்றார் கரையில் நின்ற நண்பர் நெய்னா முகம்மது. "ஜப்பான்காரனே தேறாதுன்னு தூக்கிப் போட்டிருக்கான். கலாஸ், முடிஞ்சுபோச்சு, விட்டுருங்க."

உமாபதி விமானத்தைக் கரையேற்றி நீரை வடித்தார். அவருடைய மனைவி சுசீலா, தான் எடுத்த படத்தைக் கேமராவில் பார்த்துச் சிரித்தாள். "ஏங்க, இதுல நீங்க அரை டிக்கெட் மாதிரி இருக்கீங்க!"

அவர் எட்டிப் பார்த்தார். வெயிலில் வெளுத்த நீர் சிமெண்டுத் தரைபோல் தோன்றியது. அத்தரைமேல், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத குட்டை மனிதராக அவர் நின்றிருந்தார்.

பழைய படத்தில் விமானத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மாலுமிகளும் இப்படித்தான் இருந்தார்கள். அக்காலத்து ஜப்பானியர் குள்ளம்போலும் என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார். அவர்கள் நின்றது தரையில் அல்ல, நீரில்! அப்படியானால் மிதவைகளின் அடிப்பாதியும் நீருக்குள்தானே இருந்திருக்கும்? அவர் வரைந்தது மேற்பாதியை மட்டுமே.

"சுசீலா, அவங்க குள்ளம் இல்ல!"

"யாருங்க?"

"ஜப்பான்காரங்க!"

"இதக் கண்டுபிடிக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?"

அந்த வாரம் முழுவதும் டூட்டி முடிந்ததும் ஆழம் கூடிய புதிய மிதவைகளைச் செதுக்கினார். அடுத்த வெள்ளியன்று வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நெய்னா முகம்மது கேலி பேசத் தயாராகவே வந்திருந்தார். உமாபதி கையிலிருந்த ரிமோட்டின் விசையை முன்தள்ளினார். விமானம் நிமிர்ந்த மூக்கோடு நீரைக் கிழித்துச் சீறியது.

"போவுது சார், போவுது! யல்லா, யல்லா!" என்று நீருக்குள் செருப்போடு இறங்கி ஓடினார் நெய்னா முகம்மது. சுசீலா படமெடுக்க மறந்து நின்றாள்.

இரு மிதவைகளும் இழுத்துச் சென்ற வெண்கோடுகள் ஓரிடத்தில் சட்டென்று முடிந்தன. அதற்கப்பால் நீரின்மீது ஒரு நிழல் மட்டுமே ஓடிற்று. அப்போது காலை மணி ஏழு நாற்பத்தொன்று.