ஏழாம் எண் கட்டடம்

மார்ச் 17, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி. எல்லை நகரத்தின் கிழக்குப் பகுதியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி மீது குண்டு விழுந்தது.

அமைதிச் சபையின் கண்காணிப்பு அலுவலகத்தில் அதைப் பதிவு செய்தவளை எல்லாரும் பட்டியலம்மா என்பார்கள். குண்டு போடக்கூடாத இடங்களை வரைபடக் குறிப்போடு எழுதி, சண்டை போடும் இரு தரப்புக்கும் அனுப்புவது அவள் வேலை. இடிந்தவற்றை எழுதுவது அடுத்த அறைக்காரர். அன்று அவர் விடுப்பு. அதனால் அவருடைய கோப்பும் அவள் மேசைக்கு வந்தது.

தன் பட்டியலையும் அந்தக் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிரசவ ஆஸ்பத்திரி பட்டியலில் ஆறாம் எண். அதற்கு முன் இடிந்தது ஐந்து. அதற்கும் முன் நான்கு. ஒன்றாம் எண் வரை விரலை ஓட்டினாள். வரிசை பிசகவில்லை.

ஏழு, கண் ஆஸ்பத்திரி. அக்கா அங்கே நர்ஸ். போன மாதம் அதிகாரியைக் கெஞ்சிக் கூத்தாடி அந்த ஆஸ்பத்திரியைப் பட்டியலில் சேர்த்தவளே இவள்தான்.

"சார், நம்ம பட்டியலைப் பார்த்துத்தான் அடிக்கிறாங்க."

"தற்செயலா இருக்கும்மா."

"ஆறும் தற்செயலா?"

அதிகாரி கோப்பைப் பார்த்தார்.

"ஏழாம் எண்ணை எடுத்துடுங்க சார்."

"எடுக்கணும்னா ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும்."

"அடிக்கிறவன்கிட்டயே போய்க் கையெழுத்தா?"

"வியாழக்கிழமை சபையில வைக்கிறேன்," என்றார்.

அவள் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"பயப்படாதேடி. நாங்க பட்டியல்ல இருக்கோம்னு அக்கம்பக்கத்துத் தெருவே இங்க வந்து படுத்திருக்கு."

"அந்தப் பட்டியல்தான்க்கா எமன். இப்பவே எல்லாரையும் கிளப்பு."

"நல்லாச் சொன்ன போ! கண்ணுல கட்டோட நாற்பது பேர் இருக்காங்க. எங்கடி கூட்டிட்டுப் போக?"

"எங்கயாவது போ. ஆனா எங்கன்னு எனக்குச் சொல்லிடாதே. நான் எழுதுற இடம் எதுவும் மிஞ்சலை."

மறுமுனையில் அக்கா யாரையோ பெயர் சொல்லிக் கத்துவது கேட்டது.

புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ஏழாம் எண் கட்டடத்தின் மீது மூன்று குண்டுகள் விழுந்தன. உள்ளே யாரும் இல்லை. வியாழக்கிழமை சபை கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. வெள்ளிக்கிழமை பட்டியலை அனுப்பப் பட்டியலம்மா மறுத்தாள். அடுத்த அறைக்காரர் அனுப்பினார். அது எட்டாம் எண்ணில் தொடங்கியது.