இன்னும் ஒரே ஓர் ஆள்

பிஷ்கெக்கிலிருந்து ஓஷ் நகரத்துக்கு விமானத்தில் போய்விடலாம் என்றுதான் ஜிபார்குல் கிளம்பினாள். மூடுபனியால் விமானம் கிளம்பவில்லை. மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போக ரயிலும் கிடையாது. மறுநாள் தம்பி மகளுக்குக் கல்யாணம். கடைசியில் சந்தையோரத்து வாடகைக் கார்களே கதி என்றாயிற்று.

"ஓஷ், ஓஷ்! ஒரே ஒரு ஆள்தான் பாக்கி! ஏறுனதும் கிளம்பிருவோம்!" என்று ஓட்டுநர் தாலாய்பெக் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தான். உள்ளே மூன்று பேர் பயணிகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். ஜிபார்குல் பெட்டியை அவனிடம் கொடுத்துவிட்டு முன்னிருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். உடனே அந்த மூவரும் சூரியகாந்தி விதைத் தொலியைத் துப்பிக்கொண்டே இறங்கி, பின்னால் நின்ற தத்தம் கார்களுக்குப் போனார்கள். மூவருமே ஓட்டுநர்கள்.

"அடப்பாவி! பட்டப்பகல்ல இப்படியா ஏமாத்துவ? வெக்கமா இல்ல?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. காலியா நிக்கிற கார்ல எவன் ஏறுவான்? நீங்களே ஏறியிருப்பீங்களா?"

இறங்கி வேறு கார் பார்க்கலாம் என்றால், பெட்டி அவன் பூட்டிய டிக்கிக்குள் இருந்தது. மதியம் வரை ஒருவரும் வரவில்லை. தாலாய்பெக் டீ குடிக்கப் போய்விட்டான்.

அப்போது பையும் கையுமாக ஒருவன் தயங்கித் தயங்கி வருவது தெரிந்தது. ஜிபார்குல் பின்னிருக்கையில் ஒரு பக்கம் தன் கம்பளிக் கோட்டையும் மறு பக்கம் கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் ரொட்டி மூட்டையையும் வைத்தாள்.

"அக்கா, இது இப்பக் கிளம்புமா?"

"பின்னாடி உக்காந்திருந்தவங்க ரெண்டு பேரும் டீ குடிக்கப் போயிருக்காங்க தம்பி. நடுவுல ஒரே ஒரு எடம்தான் இருக்கு. சட்டுனு ஏறு!"